தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

நெல்லித்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் கனீஸ் பாத்திமா வீட்டு வெங்காயம் தெருவில் பாதிப் பேரை அழ வைத்துவிடும். சாயங்காலம் பீச்சில் விற்கிற சமோசாவுக்கான வெங்காயம் அது. பொடியாக நறுக்கி, உப்பு போட்டுப் பிசறி, துணியில் மூட்டை கட்டித் தண்ணீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். ஈரம் நின்றுவிட்டால் எண்ணெயில் விழுந்ததும் சமோசா வாயைப் பிளந்துவிடும். மாவை மெல்லிசாக இழைத்து, கல்லில் லேசாக வாட்டி, நீளவாட்டில் வெட்டிப் போடுவது கனீஸ் பாத்திமா. அதை முக்கோணமாக மடித்து மைதாப் பசையால் ஒட்டுவது பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்த கொளஞ்சி. வாரம் முழுக்க அவளுக்குத் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமையாவது கையை நீட்டி உட்காரலாம் என்றால் அதற்கும் மடிப்புதான் என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள். பொரித்து முடித்ததும் கூடையை ஒரு இடுப்பிலும் பிள்ளையை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு பீச்சுக்குப் போய்விடுவாள்.

கொளஞ்சி நல்ல கருப்பு. அவள் பெற்ற துர்கா வெள்ளைவெளேர் என்றிருந்தாள். முடி சோளக்கதிர் நார் நிறம், கண் சாம்பல். வெயிலைக் கண்டால் இறுக மூடிக்கொள்ளும் கண். கொளஞ்சி கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. சொந்தத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்த குடும்பத்தில் இப்படி நிறமில்லாமல் பிள்ளை பிறப்பதுண்டு என்பது டாக்டருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன இந்த ஊரில் வெள்ளையாக ஒரு பிள்ளை இருந்தால் தெருவுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வரும். எந்த சொல்தா வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள், எந்தத் துரை வாடகைக்கு இருந்தான் என்று பேச்சு ஓடியது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்களின் வீட்டுப் பக்கம் கொளஞ்சி எட்டிப் பார்த்ததுகூட இல்லை. புருஷன் அன்பழகன், சென்ட்ரிங் வேலைக்காரன், தெரு பேசியதைக் கேட்டுவிட்டு, "இது எனக்குப் பொறந்ததில்ல" என்று சொல்லித் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். தாய்மாமனாக இருந்து தூக்கி வளர்த்த பெண்ணையே நம்பாதவன் என்ன மனுஷன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

துர்காவுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து கண் முழிக்காமலே போய்விட்டன. அதனால் சொந்த ஊரில் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு திரும்பியதும், அவர்கள் பக்கத்து வழக்கப்படி பிள்ளையை வேறு வீட்டுக்குக் கொடுத்து, தவிட்டுக்கு விலைக்கு வாங்கினாள். வாங்கிய பிள்ளை என்றால் சாவு ஏமாந்து போகும் என்று நம்பிக்கை. விற்றவள் கனீஸ் பாத்திமா. அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "யார்றி நீ? என் புள்ளைய ஏன் கேக்குற?" என்று பொய்யாக முறைத்தாள். ஒரு முறம் தவிடு கொட்டியதும், "எடுத்துட்டுப் போடி" என்று கொடுத்துவிட்டாள். தவிட்டை அவள் வீட்டு பக்ரீத் ஆடு தின்றது. அன்றைக்கு அந்த வீட்டில் நல்ல சிரிப்பு.

மாசிமகம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பீச்சில் வெளியூர்ப் பெண் ஒருத்தி கொளஞ்சியையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். செல்போனில் படம் எடுத்தாள். குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். சமோசா பாதி விற்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது, கூடவே பூர்ணிமாவும் வந்தாள். சமூகப்பணியில் எம்.ஏ. படித்துவிட்டுக் குழந்தைகள் நலக் குழுவில் கேஸ் ஒர்க்கராக இருந்தவள்.

"புள்ள யாருது?"

"என்துதான் மேடம்."

"உண்மையச் சொல்லு. பயப்படாத."

"உண்மையத்தான் சொல்றேன். என் புள்ள."

கூட்டத்தில் ஒருவர், "பிச்சை எடுக்க வாடகைக்கு வாங்கிட்டு வராங்க சார்" என்றார். அவர் கையில் கொளஞ்சி விற்ற சமோசா இருந்தது. பிள்ளை பயந்து வீறிட்டதும், "பாத்தீங்களா, இவகிட்ட ஒட்டவே மாட்டேங்குது" என்று இன்னொரு குரல் கேட்டது. நாலு போலீஸும் நாற்பது பேரும் சுற்றி நின்றால் எந்தப் பிள்ளை அழாமல் இருக்கும்?

பூர்ணிமாவும் கொளஞ்சி நிறம்தான். பெண் பார்க்க வந்த இடங்களில், பொண்ணு கலர் கம்மி என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் அவளுக்கு இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை. நிறத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒரே பாடம், கருப்பாக இருப்பவள் கையில் நல்லது எதுவும் தானாக வந்து சேராது என்பதுதான். பிள்ளையை அவளே வாங்கி வண்டியில் ஏற்றினாள். கூடை ரோட்டில் கவிழ்ந்து கிடந்தது.

மறுநாள் கொளஞ்சி கம்பெனிக்குப் போகாமல் குழு முன்னால் நின்றாள். தலைவியாக இருந்தவர் வயதான அம்மாள், பேச்சில் சர்க்கரை தடவியிருக்கும். பிறப்புச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார்.

"பெண் குழந்தைன்னு இருக்கு. சரி. அந்தப் பெண் குழந்தை இதுதான்னு எப்படிம்மா நம்புறது?"

"வேற எத நம்புவீங்க? நான் பெத்தேன்."

"அப்பா எங்க?"

"திருப்பூர்ல."

"ஏன் போனார்?"

கொளஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "அவுரு புள்ள இல்லன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூர்ணிமா அங்கேயே அன்பழகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அது என் புள்ள இல்லீங்க. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றான் அவன், பின்னால் கான்கிரீட் மெஷின் சத்தம் கேட்க. அதைச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். பெற்றவள் எதிரில் நின்று சொன்னது சந்தேகமாக இருந்தது. ஓடிப்போனவன் போனில் சொன்னது உண்மையாகிவிட்டது.

"மேடம், பீச்சாண்ட வெள்ளக்காரங்க கருப்புப் புள்ளைய தோள்ல தூக்கி வச்சிக்கிட்டுப் போறாங்களே, அவங்கள நிறுத்தி ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"அவங்க முறைப்படி தத்து எடுத்திருப்பாங்கம்மா. பேப்பர் இருக்கும்."

"எங்கிட்டயும்தான் பேப்பர் இருக்கு."

தலைவி தண்ணீர் குடித்தார். பிள்ளையைப் பிழைக்க வைக்க என்னவெல்லாம் செய்தேன் என்று புரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று கொளஞ்சி நினைத்தாள். அதனால் யாரும் கேட்காமலே சொன்னாள். "ரெண்டு புள்ள தங்கல மேடம். இதயாவது தங்க வைக்கணும்னு கனீஸ் அக்காகிட்ட குடுத்துத் தவிட்டுக்கு வாங்கினேன்."

பூர்ணிமாவுக்கு அந்த வழக்கம் தெரியாமல் இல்லை. அவள் சித்தப்பா ஒருவருக்கே தவிட்டான் என்று பேர். ஆனால் கனீஸ் அக்கா என்ற பேரைக் கேட்டதும் அவள் பேனா நின்றது. "அவங்க என்ன கலர்?" என்று கேட்டாள்.

"செவப்பு."

"அவங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்கு. ஃபரீஹா. ஏன் மேடம்?"

பூர்ணிமா அந்தப் பேரையும் எழுதிக்கொண்டாள். பிள்ளையை உழவர்கரையில் ஒரு காப்பகத்தில் வைத்தார்கள். விசாரணை முடியும்வரை பார்க்கக் கூடாது என்றார்கள். யாரும் உரிமை கோராவிட்டால் பேப்பரில் படம் போட்டு, அப்புறம் தத்து கொடுக்கிற வழி பார்ப்பார்கள் என்று வாசலில் இருந்த பியூன் சொன்னான். "உரிமை கோரத்தான் நான் நிக்கிறனே" என்று அவனிடம் கொளஞ்சி கத்தினாள். வேறு யாரிடம் கத்துவது?

மறுநாளே பூர்ணிமா நெல்லித்தோப்புக்கு வந்தாள். கனீஸ் பாத்திமாவின் வீட்டுக்காரர் மஜீத் செருப்புக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் பள்ளிவாசல் ஜமாத்தில் பொறுப்பில் இருந்தவர். ஃபரீஹாவுக்குப் பரங்கிப்பேட்டையில் மாப்பிள்ளை பேசி, நிச்சயம் வைக்கிற நேரம் அது.

"இந்தப் புள்ளைய நீங்க கொளஞ்சிக்கு வித்தீங்களா?"

"இன்னாமா பேச்சு இது? புள்ளைய விக்கிறதாவது!" என்றாள் கனீஸ் பாத்திமா.

"தவிட்டுக்குக் குடுத்தீங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

மஜீத் முந்திக்கொண்டார். "அந்த மாதிரி சடங்கெல்லாம் எங்கள்ல கெடயாதுமா. அதுல நம்பிக்கை வக்கிறதே எங்களுக்குப் பாவம்."

"அவங்க சொல்லட்டும் சார்."

கனீஸ் பாத்திமா புருஷன் முகத்தைப் பார்த்தாள். "எங்கள்ல கெடயாது" என்றாள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது பொய்தான்.

அந்த நேரம் பார்த்து ஃபரீஹா டீ கொண்டுவந்தாள். பூர்ணிமா டீயைப் பார்க்கவில்லை. அவள் முகத்தின் சிவப்பையும் லேசான பழுப்புக் கண்ணையும் பார்த்தாள். "என்னமா படிக்கிற?"

"டிகிரி முடிக்கப் போறேன் மேடம். நடுவுல ஒரு வருஷம் விட்டுப் போச்சு."

"ஏன்?"

"மஞ்சக் காமாலை. காரைக்கால்ல பெரியம்மா வூட்ல இருந்தேன்."

"எந்த வருஷம்?"

ஃபரீஹா சொன்னாள். துர்கா பிறந்த வருஷம் அது. பூர்ணிமா தலையை மட்டும் ஆட்டினாள். கேள்விக்கு எல்லாருக்கும் அர்த்தம் புரிந்தது. மஜீத் எழுந்து, "டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்கமா" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் குழுவில், வீட்டுக்காரம்மா அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டதாகக் கொளஞ்சிக்குச் சொன்னார்கள். அவள் நேராகச் சமையல்கட்டுக்கு வந்தாள். கனீஸ் பாத்திமா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன்க்கா அப்டிச் சொன்ன?"

"வேற இன்னாத்தச் சொல்றது? வித்தேன்னு சொன்னா அந்தப் புள்ள எனக்கு எங்கேருந்து வந்துதுன்னு கேப்பா. கேட்டுட்டா. எம்பொண்ணு மூஞ்சப் பாத்துக்கிட்டே கேட்டா. நீ எதுக்குடி அதப் போய் அங்க சொன்ன? கேட்டாங்களா உன்ன?"

"கேக்கல. நானாத்தான் சொன்னேன். நல்லதுன்னு நெனச்சிச் சொன்னேன்."

"நல்லது! எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு நல்லது!"

கொளஞ்சி சுவரைப் பார்த்துக்கொண்டு, "யாரு போன் பண்ணாங்கன்னு தெருவுல வேற மாதிரி பேசிக்கிறாங்க" என்றாள்.

"எப்டி?"

"ரூம காலி பண்ண வைக்க மஜீத் பாய்தான் ஆள வச்சிப் பண்ணாருன்னு."

மாவு பிசைந்த கை நின்றது. "நீ நம்புறியா?"

கொளஞ்சிக்கு அன்றைக்கு எதையும் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. எத்தனையோ நாள் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் அவர்கள். கனீஸ் பாத்திமா மாவைத் தட்டில் அடித்துப் போட்டாள். "போடி இங்கேருந்து. என் கண்ணுல முழிக்காத" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

ஃபரீஹா கதவோரம் நின்றிருந்தாள். "அம்மா, அடுத்த விசாரணைக்கு நாம போலாம்."

"வாய மூடு."

"என்னச் சந்தேகப்பட்டாச்சு இல்ல? வூட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டா போயிடுமா? என் ரத்தத்தையும் எடுத்துப் பாக்கட்டும்."

"மாப்ள வூட்ல கேட்டா?"

"கேட்டுட்டு ஓடுறவங்க கட்டிக்கிட்ட அப்புறமும் ஓடுவாங்க. கொளஞ்சிக்கா வூட்டுக்காரர் ஓடல?"

மகளுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பதே கனீஸ் பாத்திமாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

விசாரணை அன்று கொளஞ்சி தனியாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் வந்திருந்தது. பிறவியிலேயே நிறம் குறைந்த பிள்ளை, சொந்தத்தில் கட்டினால் வரலாம் என்று அதில் இருந்தது. "வரலாம்னுதானே எழுதியிருக்கார், வந்ததுன்னு எழுதலையே" என்றார் தலைவி. பேப்பரில் படம் போடலாமா என்று பேச்சு எடுத்தபோது கதவு திறந்தது. கருப்புப் புர்காவில் கனீஸ் பாத்திமா, பின்னால் ஃபரீஹா.

"நான் அன்னிக்கு முழுசாச் சொல்லல. இப்பச் சொல்றேன், எழுதிக்கிங்க" என்றாள் கனீஸ் பாத்திமா, யாரும் உட்காரச் சொல்வதற்குள். "வித்தேன். ஒரு மொறம் தவிட்டுக்கு வித்தேன். அவ பெத்து எடுத்துட்டு வந்த புள்ளைய அவகிட்டயே வித்தேன். எங்க மார்க்கத்துல அது கூடாது. அது எனக்கும் அல்லாவுக்கும் உள்ளது, நான் பாத்துக்கறேன். ரெண்டு புள்ள பறிகுடுத்தவ வாசல்ல வந்து நிக்கிறா. அவகிட்ட நான் சட்டம் பேசிக்கிட்டா நிக்கிறது?"

"சரிம்மா. ஆனா..."

"ஆனா இன்னான்னு தெரியும். இதான் எம்பொண்ணு. நல்லாப் பாத்துக்குங்க. ரத்தம் வேணுமா, எடுங்க. ஆனா மொதல்ல கொளஞ்சி ரத்தத்த எடுத்துப் பாருங்க. அவதான தாய்னு கத்துறா? இத்தினி நாளா ஊர்ல இருக்குற எல்லாரையும் கேட்டீங்க. திருப்பூர்ல இருக்குறவனக்கூடக் கேட்டீங்க. அவ ஒடம்பக் கேக்க உங்களுக்குத் தோணவே இல்லியா?"

ஃபரீஹா புர்காவை முழங்கை வரை சுருட்டிக் கையை நீட்டினாள். பூர்ணிமாவால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. பேப்பர் விளம்பரம் நின்றது. கொளஞ்சிக்கும் பிள்ளைக்கும் மட்டும் டிஎன்ஏ பரிசோதனை என்று முடிவானது. ரிசல்ட் வெளியூரிலிருந்து வர வேண்டும், ஆகிற நாள் ஆகும் என்றார்கள்.

பரங்கிப்பேட்டை மாப்பிள்ளை வீட்டில் முதலில் நிச்சயத் தேதியைத் தள்ளினார்கள், அப்புறம் போனை எடுக்கவில்லை. மஜீத் மனைவியோடு பேச்சை நிறுத்திவிட்டு, சோற்றுக்கு மட்டும் தட்டை நீட்டினார். கனீஸ் பாத்திமாவும் கொளஞ்சியும் மறுபடி சமோசா மடித்தார்கள். ஆனால் அந்த வீட்டில் பழைய வம்பும் சிரிப்பும் இல்லை. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறக்கவில்லை.

கொளஞ்சி கம்பெனி விட்டதும் உழவர்கரைக்குப் போய்க் காப்பகத்தின் கேட்டுக்கு எதிரே நிற்பாள். சித்திரை வெயில் போய், மழைக்காலம் வந்து, ரோட்டில் தண்ணீர் தேங்கியபோதும் நின்றாள். உள்ளே ஆயாவாக வேலை பார்த்த அஞ்சலாட்சி ஒரு நாள் வெளியே வந்து, "நல்லா இருக்குது, சாப்புடுது, போம்மா" என்றாள். குரலைத் தாழ்த்தி, "தத்துக்குப் பிள்ள பாக்க வரவங்கள்லாம் அதத்தான் கேக்குறாங்க. மத்ததெல்லாம் கருப்பு, வருஷக்கணக்கா கெடக்குது" என்றாள். அன்றிலிருந்து கேட்டுக்குள் கார் நுழைந்தாலே கொளஞ்சி ரோட்டைத் தாண்டி ஓடிப்போய் எட்டிப் பார்ப்பாள். உள்ளே இருப்பவர்கள் பிள்ளையை யாருக்கோ பேசி முடித்துவிட்டார்கள், ரத்தம் எடுத்ததே கண்துடைப்பு என்று அவளுக்குத் தோன்றியது. அவளைச் சந்தேகப்பட்டவர்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

கார்த்திகையில் ரிசல்ட் வந்தது. பெற்றவள் கொளஞ்சிதான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "இனிமே எங்க போனாலும் இந்த ஆர்டர் காப்பியக் கையில வச்சிக்கங்க. திரும்ப யாராவது போன் பண்ணா காட்டலாம்" என்றார் தலைவி, சலுகை தருவது போல. கொளஞ்சியும் கனீஸ் பாத்திமாவும் பூர்ணிமாவோடு காப்பகத்துக்குப் போனார்கள்.

முன்னறையில் காத்திருந்தார்கள். பேன் தொல்லை என்று பிள்ளையின் முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். நல்ல உயரம் கூடியிருந்தது. இஸ்திரி போட்ட கவுன், காலில் ஷூ. அஞ்சலாட்சியின் இடுப்பில் உட்கார்ந்து வந்த பிள்ளை கொளஞ்சியைப் பார்த்தது. வேறு யாரையோ பார்ப்பது போலப் பார்த்தது.

கொளஞ்சி கையை நீட்டினாள். பிள்ளை முகத்தைத் திருப்பி அஞ்சலாட்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "அம்மாகிட்ட போ கண்ணு" என்று அஞ்சலாட்சி பிரித்துக் கொடுக்கப் பார்த்தாள். வீறிட்டு அலறியது. காப்பக மேற்பார்வையாளர் புருவத்தைத் தூக்கினார். ஒப்படைக்கும்போது பிள்ளை தாயிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று எழுத வேண்டியது பூர்ணிமாவின் வேலை. அவள் கையில் பேனா இருந்தது.

கொளஞ்சி ஒரு அடி பின்னால் வந்தாள். பிள்ளையின் காதைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"இது என் புள்ளதானா?"

"என்னம்மா கேக்குறீங்க?" என்றாள் பூர்ணிமா.

"மாத்திக் குடுத்துட்டீங்கன்னா எனக்கு எப்டித் தெரியும்? இத்தினி மாசமா நீங்க காட்டவே இல்லியே. வெள்ளையா இருந்தா என்துன்னு வாங்கிக்கிட்டுப் போயிடணுமா?"

கேட்டு முடித்ததும் தான் கேட்டது என்ன என்பது அவளுக்கே காதில் விழுந்தது. சொந்தப் பிள்ளையைப் பார்த்து, ஊர் கேட்டதையே அவளும் கேட்டுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கனீஸ் பாத்திமா பக்கத்தில் குனிந்து தோளைத் தொட்டாள். அறையில் இருந்த அத்தனை கண்ணும் அவள் மேலேயே இருந்தன.

கொளஞ்சி தலையைத் தூக்கினாள். "எல்லாரும் வெளிய போங்க."

"அப்படி விட முடியாதும்மா, ரூல்ஸ்..." என்று ஆரம்பித்தார் மேற்பார்வையாளர்.

"என் புள்ளைய நான் பாக்கணும். நான் பாக்குறத நீங்க பாக்க வேணாம். பீச்சுலேருந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க. போதும்."

யாரும் நகரவில்லை. பூர்ணிமா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். அஞ்சலாட்சியிடமிருந்து பிள்ளையை வாங்கி, அலற அலற கொளஞ்சிக்கு எதிரே தரையில் உட்கார வைத்தாள். பிறகு முதல் ஆளாக வெளியே போனாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். கடைசியாக வந்த கனீஸ் பாத்திமா கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

உள்ளே அழுகை ஏறியது. மேற்பார்வையாளர், "பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு?" என்று முணுமுணுத்தார். "அதப் பெத்தவ உள்ளதான் இருக்கா" என்றாள் கனீஸ் பாத்திமா, அசையாமல். அழுகை விக்கலாக மாறியது, மறுபடி அழுகையானது. ரொம்ப நேரம் கழித்து நின்றது.

என்ன ஆயிற்று என்று பார்க்க எல்லாருக்கும் கை துறுதுறுத்தது. பூர்ணிமா கதவுக்கு முன்னால் வந்து கனீஸ் பாத்திமாவுக்குப் பக்கத்தில் நின்றாள். கொளஞ்சியாகத் திறக்கும் வரைக்கும் ஒருத்தரையும் உள்ளே விடவில்லை.